மல்லாந்தோர் புராணம்

ஹாஃப் கார்டு என்ற பிடி 1990களின் தொடக்கத்தில் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தது என்று பிரேசில் ஜியு-ஜிட்சு உலகம் நம்புகிறது. அதைப் பெற்று வளர்த்தவர் ராபர்ட்டோ கொஹேயா. பட்டப்பெயர் கோர்டோ, நம்மூர் பாஷையில் குண்டன். திறமைசாலி, அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு சாலையில் மேற்கே போய், பாலுசெட்டிசத்திரத்தில் இறங்கி, திருப்புட்குழிக்குள் ஒருதரம் நுழைந்துவிட்டவன் இந்தக் கதையை நம்பமாட்டான். ரியோ என்ற ஊரையே 1565இல்தான் கட்டினார்கள். கீழே விழுந்து ஜெயிப்பதில் எங்கள் பக்கத்து அனுபவம் அதற்கு எவ்வளவோ முந்தையது.

முதலில் பிடியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மல்லாக்க விழுந்தாயிற்று. மேலே ஒருவன் ஏறி அமுக்கப் பார்க்கிறான். அவன் உடம்பு உங்கள் இரண்டு கால்களுக்கும் நடுவே மாட்டியிருந்தால் அது முழு கார்டு, கௌரவமான நிலை. உங்கள் கால்களை முழுக்கத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து மார்மேல் படுத்துவிட்டால், சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அவன் ஒரு காலை உருவிவிட்டான். இன்னொரு காலை நீங்கள் உங்கள் இரண்டு காலாலும் பின்னிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறீர்கள். அதுதான் ஹாஃப் கார்டு. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம்மவர்கள் கேலிக்குச் சொன்னதை, பிரேசில்காரர்கள் மல்லாக்கத் திருப்பிப் போட்டு, புள்ளி கொடுத்து, இடுப்பில் பெல்ட்டும் கட்டிவிட்டார்கள்.

நம்மூர்க் கோதாவில் இந்தப் பேச்சு எடுபடாது. முதுகில் மண் பட்டால் ஆட்டம் முடிந்தது. விழுந்தவன் படுத்தபடியே எதிராளியின் ஒரு காலைக் கட்டிக்கொண்டு "இனிமேல்தான் ஆரம்பம், வஸ்தாத்" என்றால் கர்லாக்கட்டையால் இரண்டு கிடைக்கும். ஜப்பான்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள். ஜூடோவில் கீழே கிடப்பவன் மேலே இருப்பவனின் ஒரு காலைத் தன் கால்களால் கவ்விவிட்டால் அந்த அமுக்கல் செல்லாது. மிட்சுயோ மயேதா என்ற ஜூடோக்காரர் 1914இல் பிரேசிலுக்குப் போனார். பெலெம் நகரில் அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. அந்தக் குடும்பம் வித்தையைத் தரையோடு தரையாக வளர்த்தது.

அங்கேயும் ஹாஃப் கார்டுக்கு மரியாதை கிடையாது. மேலே இருப்பவன் மூச்சு வாங்கிக்கொண்டு மற்றக் காலையும் உருவிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். கோர்டோவுக்கு முழங்கால் கெட்டது. முழு கார்டு போட முடியவில்லை. வேறொருவராக இருந்தால் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் கிடந்திருப்பார். இவர் பாயில் போய்க் கிடந்தார். ஒருக்களித்துச் சாய்ந்து, எதிராளியின் ஒரு காலைப் பின்னிக்கொண்டு, அவன் அக்குளுக்கு அடியில் கையைவிட்டு, ஆளையே புரட்டிப்போட ஆரம்பித்தார். கீழே கிடந்து காலை வாரிவிட்டு மேலே வந்தால் 2 புள்ளி. நழுவி வெளியே வந்து முதுகில் ஏறினால் 4. பிறகு லூகாஸ் லெய்ட்டே, பெர்னார்டோ ஃபாரியா என்று அதே வழியில் ஒரு பரம்பரையே கிளம்பியது. ஃபாரியா எதிராளியின் அடியில் புகுந்து புரட்டிப் புரட்டியே உலகப் பட்டங்களை வென்றார்.

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் நெய்ய உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆள் பாதி பூமிக்குள் போய்விட்டதாகத் தோன்றும். ஆனால் பட்டுப்புடவை பிறப்பது அந்தக் குழிக்குள் மிதிக்கிற காலில்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணப்படி, ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது. கோயிலுக்கு எதிரே ஜடாயு தீர்த்தம். புள்ளபூதங்குடிக்காரர்களும் வைத்தீஸ்வரன்கோயில்காரர்களும் இதே கழுகுக்குத் தங்கள் ஊரிலும் காரியம் நடந்ததாகச் சொல்வார்கள். விழுந்ததே எங்கள் பாறையில்தான் என்று கேரளத்துச் சடையமங்கலத்தில் பிரம்மாண்டமாகச் சிலை வைத்துவிட்டார்கள். ஒரு பறவைக்கு இத்தனை ஊரில் கருமாதி நடந்ததென்றால் பங்காளிகள் அதிகம் என்று அர்த்தம். சண்டை வேண்டாம்.

ஜடாயுவின் ஆட்டத்தை மட்டும் பாருங்கள். வால்மீகி கணக்கில் அவருக்கு வயது அறுபதாயிரம். ஜியு-ஜிட்சுவில் 30 தாண்டினாலே மாஸ்டர்ஸ் பிரிவில் தள்ளிவிடுவார்கள். இவருக்கு எந்தப் பிரிவு என்று யோசித்தே நடுவர்கள் ராஜினாமா செய்திருப்பார்கள். எதிராளிக்கோ கைகள் இருபது. கிழவர் அசரவில்லை. வில்லை முறித்தார், தேரை உடைத்தார், இராவணன் முதுகில் பாய்ந்து கீறினார். முதுகுக்கு அப்போதே 4 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். இடப்பக்கத்துக் கைகள் பத்தையும் பிய்த்தெறிந்தார். அவை திரும்ப முளைத்தன, இது எந்த விதிமுறையிலும் சேராது. கடைசியில் இராவணன் வாளை எடுத்து இறக்கையை வெட்டினான். கோதாவில் ஆயுதம் எடுத்தவன் அங்கேயே தோற்றான் என்பது எங்கள் ஊர்த் தீர்ப்பு. மல்லாந்து கிடந்த கிழவர், இராமன் வரும்வரை உயிரைப் பிடித்துவைத்து, தூக்கிப்போனவன் யார், போன திசை எது என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதன் பிறகு இராவணனுக்கு நடந்தது எல்லாம் அந்தத் தகவலால் வந்தது.

சோழநாட்டார் சும்மா இருப்பார்களா? புறநானூற்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று ஒரு சோழ இளவரசன். அப்பா தித்தனோடு பேச்சுவார்த்தை இல்லை. மனம் வெறுத்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் காட்டுக்குப் போவார்கள் அல்லது கோதாவுக்குப் போவார்கள். கிள்ளி கோதாவுக்குப் போனான். ஆமூர் மல்லனோடு அவன் மோதியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்றியிருக்க, இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்புறம் வளைந்தது என்று, முழங்கால் முழங்காலாகக் கவனித்து வர்ணனை. இதைத் தித்தன் பார்க்கட்டும், பிடித்தாலும் பார்க்கட்டும் பிடிக்காவிட்டாலும் பார்க்கட்டும் என்று நடுவில் குடும்பச் சண்டையையும் இழுத்துவிடுகிறார். இன்னொரு பாட்டில் சண்டையின் வேகத்துக்கு, ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது என்ற அவசரத்தில் கட்டில் பின்னுகிறவன் கை ஊசியைக் காட்டுகிறார். தமிழில் இதைவிட நல்ல விளையாட்டுச் செய்தியாளர் இன்னும் பிறக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. மேலே இருந்த கிள்ளிக்கு மூன்று பாட்டு, போதாததற்கு அவன்மேல் ஆசைப்பட்டு நக்கண்ணையார் பாடியது வேறு. கீழே கிடந்தவன் வெறும் ஆமூர் மல்லன். அவன் பெயரை ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் அடியிலிருந்து என்னென்ன முயன்றான் என்று பாட ஆளில்லை.

அந்த அநியாயத்தின் பெரிய பதிப்பு காஞ்சியில் நடந்தது. ஆடியவர்கள் அப்பாவும் பிள்ளையும். அப்பா, பல்லவ மன்னர் மகேந்திரவர்மன், கலைஞர். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, ஆனாலும் கோயில் கட்டிவிட்டேன் பார் என்று மண்டகப்பட்டில் கல்லிலேயே பெருமையடித்துக்கொண்டவர். மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு கேலி நாடகமும் எழுதினார். குடிபோதையில் காஞ்சித் தெருவில் அலையும் காபாலிகன் ஒருவன், பிச்சையெடுக்கும் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்த பிக்குவின்மேல் பழிபோடுகிறான். கடைசியில் பார்த்தால் திருடியது நாய். இப்படிப்பட்ட ரசிகர்மேல் படையெடுத்து வந்தவர் சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி. வடிவேலு நடித்தது இருபத்துமூன்றாம் புலிகேசி. இரண்டாமவர் ஹர்ஷவர்த்தனரையே நர்மதைக்குத் தெற்கே வரவிடாமல் நிறுத்தியவர், சிரிக்கிற ஆள் இல்லை.

காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் மோதல். ஜெயித்தது யார்? சாளுக்கியர் தரப்பைக் கேட்டால், 634இல் ரவிகீர்த்தி எழுதிய ஐஹொளெக் கல்வெட்டு இருக்கிறது: எங்கள் படைப் புழுதியில் பல்லவன் பளபளப்பு மங்கிப்போய், காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பல்லவர் தரப்பைக் கேட்டால், காசாக்குடிச் செப்பேடு இருக்கிறது: மகேந்திரன் புள்ளலூரில் முக்கியமான பகைவர்களை ஒழித்துக்கட்டினான். எந்தப் பகைவர்கள் என்று பெயர் மட்டும் போடவில்லை. அதுவும் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியது. சாட்சி சொல்ல யாரும் உயிரோடு இல்லாத நேரமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின்மேல் ஏறிப் படுத்திருப்பவர் புலிகேசி. காஞ்சி மதிலுக்குள் மல்லாந்து கிடக்கிறார் மகேந்திரன். மேலே இருப்பவர் ஜெயித்துவிட்டேன் என்கிறார், ஆனால் காஞ்சியைத் தாண்டி அமுக்க முடியவில்லை. கீழே இருப்பவர் நான் எங்கே தோற்றேன் என்கிறார், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதற்கு ஹாஃப் கார்டு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. மகேந்திரன் உள்ளே இருந்த நேரத்தில் நாடகத்தின் இரண்டாம் பாகம் ஏதாவது யோசித்திருப்பாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

புள்ளலூர் மண்ணுக்கே அப்படியொரு ராசி. 1780இல் அங்கே திப்புவிடம் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை அடிவாங்கி நொறுங்கியபோது, கும்பினித் தளபதி மன்றோ பெரிய படையோடு காஞ்சியில் உட்கார்ந்திருந்தார். மறு வருஷம் அதே இடத்தில் ஹைதர் அலியும் கும்பினியின் அயர் கூட்டும் மோதினார்கள். இரண்டு பேருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

மகேந்திரனுக்குப் பிறகு பிள்ளை நரசிம்மவர்மன் வந்தான். புலிகேசி மறுபடி கிளம்பி வந்தார், போனதரம் பாதியில் நின்ற வேலையை முடிக்கலாம் என்று. பையன் வேறு மாதிரி. அப்பா எழுதினார், இவன் மல்லுக்கட்டினான்; மாமல்லன் என்று பட்டமே வைத்துக்கொண்டான். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று வரிசையாக அடி. தாம்பரத்துப் பக்கம் இப்போது மனை விற்கிற அதே மணிமங்கலம்தான். அங்கே என்ன நடந்தது என்பதை இவன் பேரன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு சொல்கிறது. திரும்பி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயத் தகடாக்கி அதில் 'விஜய' என்று மூன்று அசை எழுதினானாம். முதுகு கிடைத்தால் 4 புள்ளி என்பது சரி, கிடைத்த முதுகில் கையெழுத்தும் போடலாம் என்பதைக் கோர்டோகூட யோசித்ததில்லை. அதோடு விடாமல் 642இல் வாதாபிக்கே போய் ஊரைப் பிடித்து, பாதாமிப் பாறையில் தன் பெயரை வெட்டிவைத்துவிட்டு வந்தான்.

ஆக, மாமல்லன் பெயரில் கடற்கரையில் ஓர் ஊரே இருக்கிறது. சீன அதிபர் வந்தால்கூட அங்கேதான் கூட்டிப்போகிறார்கள். என் ஓட்டு அப்பாவுக்கு. புழுதியைத் தின்றுகொண்டு, காஞ்சி என்ற ஒரு பிடியை விடாமல் கிடந்தவர் அவர். அவர் விட்டிருந்தால் பிள்ளை எங்கிருந்து புரட்டியிருப்பான்?

திருப்புட்குழியின் சொந்த ஆட்டம் இன்னும் ஒன்று பாக்கி. 1017இல் பிறந்த இராமானுசர் இளம் வயதில் பாடம் கேட்டது இந்த ஊரில், யாதவப் பிரகாசரிடம் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. குரு பெரிய வேதாந்தப் பண்டிதர், வாயைத் திறந்தால் எதிரே நிற்க ஆளில்லை. ஒரு நாள் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் சீடர். அந்த நேரத்தில் சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு வரிக்கு யாதவர் பொருள் சொன்னார்: பரம்பொருளின் கண்கள் குரங்கின் பின்புறம்போலச் சிவந்த தாமரை. இராமானுசர் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் சூடாகக் குருவின் தொடையில் விழுந்தது. மேலே இருப்பவர் ராஜாபோல உட்கார்ந்திருக்கிறார், கீழே இருப்பவர் கையில் அவருடைய ஒரு கால். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

என்ன ஆயிற்று என்று குரு கேட்டார். கதிரவனால் மலர்ந்த தாமரை என்று அந்த வரியைப் பிரித்துக் காட்டினார் சீடர். மேலே இருந்தவருக்கு எடை தடுமாறியது. இப்படிப் பாடத்துக்குப் பாடம் அடியிலிருந்தே நெம்ப ஆரம்பித்ததும், பண்டிதருக்கு ஆட்டத்தை விதிப்படி முடிக்கப் பொறுமையில்லை. காசி யாத்திரை என்று கிளப்பி, வழியில் பையனைக் கங்கையில் தள்ளிவிடுவதாகத் திட்டம். அதே பள்ளியில் படித்த சித்தி மகன் கோவிந்தன் காதில் போட்டுவிட, இராமானுசர் விந்தியக் காட்டில் நழுவினார். வேடன் வேடுவச்சியாகத் துணைக்கு வந்தவர்கள் ஒரே இரவில் காஞ்சி எல்லையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மறைந்தார்கள். பிடியிலிருந்து நழுவுவதில் இத்தனை தூரத்தை வேறு யாரும் கடந்ததில்லை.

வருஷங்கள் கழித்து யாதவப் பிரகாசர் தாயாரின் சொல் கேட்டு அதே இராமானுசரின் காலில் விழுந்தார். சீடராகி, சந்நியாசம் வாங்கி, கோவிந்த ஜீயர் ஆனார். குரு மேல், சீடன் கீழ் என்று தொடங்கிய ஆட்டம் முழுக்கப் புரண்டுவிட்டது. 2 புள்ளி என்று சொன்னால் குறைத்து மதிப்பிடுவதாகும். புதிய குரு பழைய குருவை ஒரு வேலையும் வாங்கினார், துறவிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நூல் எழுதச் சொல்லி. அவரும் யதிதர்ம சமுச்சயம் எழுதிக்கொடுத்தார். சீடர்களைத் தீர்த்த யாத்திரைக்கு அழைத்துப் போவது பற்றி அதில் அவர் ஏதாவது சொல்லியிருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் நான் இரண்டு தரம் படிப்பேன்.