நேற்று நின்ற பறவை: குடாநாட்டுப் பறவை பார்த்தலுக்கு ஓர் இலக்கணம்

பறவை பார்க்கப் போதல் என்பது யாதோவெனின், ஐப்பசி முதல் பங்குனி வரையுள்ள யாதாமொரு ஞாயிறன்று, விடிய முன்னம் வான் பிடித்து, மூன்று பைனாகுலரை எட்டுப் பேர் பங்கிட்டு, பரவைக்கடல் சேற்றில் நிற்றலாம். மோட்டார் சைக்கிளில் தனியே போதலும் உண்டாலெனின், அற்றன்று. தனியே போனவன் கண்டதை நம்புவார் இன்மையின், அது காணாமையுள் அடங்கும்.

இனி இடம். பண்ணைப் பாலம், மண்டைதீவுக் கரை, அராலி, சரசாலை, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என விரியும். இவற்றுள் சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. பெயர்ப்பலகை வாசிக்கும் வழக்கம் பறவைகளுக்கு இன்மையால் அவை மற்ற இடங்களிலும் இறங்கும். மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்கோடிப் பக்கம் கிடப்பது இலங்கை. இதற்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் இல்லை. ஆகவே அவை இங்கே நிற்பது எமது உபசரிப்பை நாடி அன்று என்பது பெறப்படும்.

பறவைகளின் பாகுபாடு சுருங்கியது. ஊசிவால் வாத்து: வால் ஊசிபோல் இருக்கும். உள்ளான்: பல வகை, பிரித்தறியப் புகுந்தோர் மத்தியானச் சோற்றுக்குப் பிந்துவர். ஆறுமணிக்குருவி: இமய அடிவாரத்திலிருந்து பறந்து வந்து, வீட்டுக் கோடியில் சருகு கிளறி, காலையும் மாலையும் தானே கூப்பிட்டுச் சொல்வது, பார்க்க வான் தேவையில்லாததால் ஆய்வுத் தகுதி அற்றது. பொலித்தீன் நாரை: கண்டற் கிளையில் வெள்ளையாய் அசைவது; வலசை போகாதது; ஆண்டுக்காண்டு பெருகுவது இது ஒன்றே.

எஞ்சியது அரிய பறவை. அதன் இலக்கணம் ஒன்றே: அது நேற்று நின்றது. “நேற்றுப் பின்னேரம் இஞ்சதான் நிண்டது ஐயா, நீங்கள் நேற்றெல்லோ வந்திருக்க வேணும்” (தேநீர்க்கடை மேசை, கறை 3). நேற்று என்பது மூவகைப்படும்: நேற்றுக் காலை, நேற்றுப் பின்னேரம், இப்பதான். “இப்பதான் எழும்பிப் போட்டுது” என்பது மூன்றனுள் கொடிது. காலம் கிட்டக் கிட்டத் துயரம் மிகும், பறவையோ தூரத் தூர வளரும் (வான் ஓட்டுநர் வாய்மொழி, போகும்போது, ஒப்புநோக்குக: அவரே, திரும்பும்போது). புறாவளவில் புறப்பட்டது மூன்றாம் சாட்சியிடம் ஆட்டுக்குட்டியளவு ஆனமைக்குச் சான்று வலுவாக உண்டு (இறால் வலை கட்டும் பெரியவர், இடுப்பளவு நீரில், மேற்கு நோக்கி நின்று சொன்னது; பாடபேதம்: அவரே கரையேறித் தலை துவட்டியபின்; இரண்டாம் பதிப்பு அவர் மருமகனால் திருத்தியும் விரித்தும் செய்யப்பட்டது; மூன்றாம் பதிப்பில் பறவைக்குக் கொம்பு உண்டு).

இந்த நேற்றுக்கு இலக்கியச் சான்று கேட்பார்க்குச் சத்திமுத்தப் புலவரைக் காட்டுவோம். மதுரையில் குளிரில் நடுங்கியவர், ஊரிலுள்ள மனைவிக்கு நாரையிடம் சேதி சொல்லி அனுப்பினார். நாரை தெற்கே குமரி வரை போய் வடக்கே திரும்பும் என்பது அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. அதன் அலகுக்கு அவர் சொன்ன உவமை பனங்கிழங்கு. பனங்கிழங்கு அறிந்தவர் யாழ்ப்பாணத்தவராகவே இருந்திருத்தல் வேண்டும் என்று நிறுவ எழுபது பக்கம் போதும், பட்டமும் கிடைக்கும். புலவரின் காலத்தைப் பற்றித் தர்க்கிப்போர் பலர். நாரை எந்த மாதத்தில் பறந்தது என்று கேட்போர் சிலர். அதற்கு வெளியே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். நூலகத்திலோ மின்விசிறி இருக்கிறது.

நேற்று எவ்வாறு பிறக்கிறது என்பதும் ஆராயப்பட்டது. முழங்காலளவு நீரில் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாய் நீரில் வைத்து, கால் மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, கலங்கியதை அரித்துத் தின்றன. பெரும் பூநாரையா, சிறு பூநாரையா என்று வழக்கு எழுந்தது. பெரியதற்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு; சிறியதற்கு முழுதும் கருஞ்சிவப்பு. புத்தகம் திறக்கப்பட்டது. பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருவர் ஊதினார், ஒருவர் நகத்தால் பிரித்தார், மூன்றாமவர் தம்மிடமுள்ள பதிப்பே திருத்திய பதிப்பு என்றார். எட்டுத் தலையும் குனிந்திருந்த வேளை, செட்டைக்குள் ஒளித்த செம்மையும் ஓரக் கறுப்பும் தெரிய அத்தனையும் எழும்பிப் போயின. கண்டவர் வான் ஓட்டுநர் மட்டும். அவருக்கு ஆய்வுத் தகுதி இல்லை.

தேநீர்க்கடையில் இன்னொரு வான் வந்து நின்றது. கழுத்தில் பைனாகுலர்களோடு இறங்கினவர்களிடம் எமது குழுத்தலைவர் கையை நீட்டித் திசை காட்டினார். “இப்பதான் எழும்பிப் போட்டுது. அரை மணித்தியாலம் முந்தி வந்திருக்க வேணும்” (வாய்மொழி, குழுத்தலைவர், எண்ணிக்கை: முதற் பிளேன் ரீக்கு முன் நாற்பது, இரண்டாவதற்குப் பின் நானூறு, இனம்: இரண்டும்).