மைக்குக்கு அப்புறம்தான் சட்டம்

குடியேறியவர்களோடு இணக்கத்தை வளர்க்கும் ஊடகங்களுக்கு ஜெர்மனியில் 'சிவிஸ்' என்றொரு விருது கொடுக்கிறார்களாமே! விருது கொடுத்தால் இணக்கம் வந்துவிடுமா? – வாசகி ஒருவர், திருச்சி

சட்டம் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் வந்துவிடுமா? துருக்கித் தொழிலாளர்களை வரவழைக்க மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் போட்டது 1961இல். 1964லேயே கொலோன் நகரின் டபிள்யூடிஆர் வானொலி அவர்களுக்காகத் துருக்கி மொழியில் பேசத் தொடங்கிவிட்டது. அந்த நிலையம் முன்னின்று நடத்தும் சிவிஸ் விருது 1980களின் கடைசியில் வந்தது. அங்கே பிறக்கும் வெளிநாட்டவர் குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை? 2000 ஜனவரி 1 முதல்தான்! அதுவும், 2024 வரை இருந்த விதிப்படி, அப்பாவோ அம்மாவோ எட்டு ஆண்டு அங்கே சட்டப்படி வாழ்ந்திருந்தால்தான். பாராளுமன்றத்தை வானொலி ஏறக்குறைய 35 ஆண்டு முந்தியிருக்கிறது. அந்த மைக்கை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சரி, விருதை யாருக்குக் கொடுக்கலாம்?

குடியேறியவரின் கண்ணீரைப் படமெடுத்தவருக்குக் கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் குடியேறியவர் வீட்டுப் பெண் செய்தி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, பட்ஜெட்டையும் கால்பந்தையும் அலசுகிற அலுவலகம் எதுவோ, என் ஓட்டு அதற்கு.