ஸ்கூட் மாமா

தர்மபுரிப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் முதல் நாள் ராத்திரி போய்ப் பாருங்கள். ரிசப்ஷன் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் மாடியில் ஒரு ஜமக்காளம் விரியும். ரெண்டு கட்டுச் சீட்டு, அஞ்சு பேர், கணக்கெழுத அழைப்பிதழின் பின்பக்கம். சுவரில் முதுகு சாய வாகான இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்கூட் மாமா. பென்னாகரத்தில் அவர் ரிட்டயர்டு வாத்தியார், காரிமங்கலத்தில் மாங்காய் மண்டிக்காரர், அரூரில் யாருக்கு என்ன உறவென்றே தெரியாத ஒருவர். முகம்தான் வேறு, ஆட்டம் ஒன்றேதான்.

பந்தயம் தலைக்கு 20 ரூபாய். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறிய வாரமென்றால் இளவட்டங்கள் நூறு வைத்து ஆடலாம் என்று துள்ளும். மாமா அசைய மாட்டார். "இருபதுன்னா உக்கார்றேன். நூறுன்னா ஆளை விடுங்க, நான் போய் வெங்காயம் உரிக்கறேன்."

ஆடுவது 101 ரம்மி. எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்தால் ஸ்கூட், 20 பாயிண்ட். நடுவில் கவிழ்த்தால் 40. கடைசி வரை பிடித்துத் தோற்றால் கையை எண்ணி அதிகபட்சம் 80. 101 தொட்டால் ஆள் வெளியே. இந்தக் கணக்கை மற்றவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள்; மாமா அதிலேயே குடியிருக்கிறார். அஞ்சு ஸ்கூட் போட்டால் சரியாக 100. இன்னும் உயிர் இருக்கிறது! "அந்த ஒத்தப் பாயிண்டுலதான்டா நான் பொழைக்கறேன்" என்பார்.

பதின்மூன்று சீட்டையும் விரித்து, கட் ஜோக்கரை ஒரு தடவை பார்ப்பார். ஒரிஜினல் ரம்மிக்கு, அதாவது ஜோக்கர் சேராத வரிசைக்கு, ரெண்டு சீட்டு ஒட்டி வந்து, கூட ஒரு ஜோக்கராவது இருந்தால் ஆட்டம். இல்லையென்றால் சீட்டு கவிழும், கை ஜேபிக்குள் போய்ப் பாக்குப் பொட்டலத்தைத் தேடும். ஆடாமல் இருக்கும் நேரத்தில்தான் பாடம் நடக்கும். பக்கத்துப் பையன் கையை எட்டிப் பார்த்து, "ராஜா ராணியெல்லாம் மொதல்ல எறக்குடா, ஒண்ணொண்ணும் பத்து. அஞ்சு, ஆறு, ஏழை வெச்சுக்க. ஏழுக்கு ரெண்டு பக்கமும் சொந்தபந்தம் உண்டு, ராஜாவுக்கு மேல ஆஸ் ஒண்ணுதான். நாலு ஜோக்கர் வந்தாலும் ஒரிஜினல் இல்லாம டிக் அடிச்சுத் தொலைக்காத, எம்பது ஏறிடும்." அத்தனையும் சரி. அதனாலேயே யாரும் கேட்பதில்லை. பையன் ரெண்டு ராஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூணாவதுக்காகக் காத்திருந்து ஃபுல் வாங்குவான்.

படியேறி வந்த அத்தை யாராவது "சூதாட்டமா?" என்று முறைத்தால், மாமா 1967-க்குப் போய்விடுவார். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டமல்ல, விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று முடிவு செய்யவும் திறமை வேண்டும் என்றது வாஸ்தவம்தான். மாமா கழிப்பதில் மட்டும் தேர்ந்தவர், அதுவும் பதின்மூன்றையும் ஒரே மூச்சில்.

போனில் ரம்மி ஆடி மாப்பிள்ளைத் தோழர்கள் சிலர் கை சுட்டுக்கொண்ட காலத்திலும் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாகத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தபோது அவருக்கு வருத்தமுமில்லை. "மூஞ்சி தெரியாதவங்கிட்ட ஸ்பிளிட்டு எப்பிடிடா பேசறது?"

ஸ்பிளிட்டுக்காகத்தானே அவர் உட்காருவதே! கடைசியில் ரெண்டு பேர் மிஞ்சினால், ஆடி முடிக்காமல் பணத்தைப் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரு வகைப் போக்கர் உண்டாம், பெரிய கைக்குப் பாதி, சின்னக் கைக்குப் பாதி. சொன்னால் மாமா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிடுவார். நெல்லிக்கனியை முழுசாக ஔவைக்குக் கொடுத்த அதியமானின் தகடூர்தான் இந்தத் தர்மபுரி. அந்த இடத்தில் மாமா இருந்திருந்தால் கனியை நறுக்கக் கத்தி கேட்டிருப்பார்.

போன வைகாசியில் பார்த்தது. நடுவில் 100 ரூபாய். மாமா 80-ல், எதிரே பெண்ணின் சித்தப்பா 84-ல்.

"பாதிப் பாதி" என்றார் சித்தப்பா.

"எனக்கு ஒரு ஸ்கூட் பாக்கி இருக்கு, உங்களுக்கு இல்ல. அறுவது நாப்பது."

"முகூர்த்தத்துக்கு எந்திரிக்கணும் மாமா."

"அதுக்கென்ன, அம்பத்தஞ்சு."

மொத்த ஆட்டத்தைவிடப் பேரம் நீண்டு, ஒருவழியாக அம்பத்தஞ்சில் படிந்தது. நடுவிலிருந்தது அஞ்சு இருபது ரூபாய் நோட்டு. மாமா மூணை எடுத்துக்கொண்டார். "அந்த அஞ்ச மொய்யோட சேத்துடறேன்."

காலையில் மொய் நோட்டில் அவர் பேருக்கு நேரே 506. "மொய் எங்கண்ணனுக்குப் போவுது, அஞ்சு ரூவா எனக்கில்ல வரணும்?" என்று சித்தப்பா தேடியபோது, மாமா முதல் பந்தியில் ரெண்டாவது வடை கேட்டுக்கொண்டிருந்தார்.