முகையூருக்கு ஒரு காந்தம்

விழுப்புரம் மாவட்டத்து முகையூர்ப் பக்கம் உயர்புல என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி ஒன்றை உடனே நிறுவ வேண்டும் என்பதை மனமார வழிமொழிகிறேன். புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று காட்டிக்கொடுக்கும் கருவி அது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. திருக்கோவிலூர்ச் சாலையில் மட்டும் இல்லை. என்ன அநியாயம்!

கோடிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கருவி வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். ஆகவே பணம் வரும். ஆனால் கருவியின் மீக்கடத்திக் காந்தம் மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்தில் மூழ்கியே கிடக்க வேண்டும். அந்த ஹீலியத்தை இறக்குமதி செய்து, குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுவதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. எனவே பட்ஜெட்டில் அதற்கு இடம் ஒதுக்காததும் நியாயமே. வற்றினால்தான் என்ன? காந்தம் சூடேறி, மிச்சமிருக்கும் திரவம் லிட்டருக்கு 700 லிட்டர் வாயுவாகப் பொங்கிவரும். அடுத்த திறப்பு விழாவின் பலூன்களுக்குப் பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

கருவியை இயக்க ஆள்? கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் எதற்கு இருக்கிறார்கள்!

ஒரே ஒரு சின்னச் சிக்கல். இந்தக் காந்தத்தை ஒருமுறை மின்னேற்றினால் அது ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும். இங்குள்ள மற்றவையோ அப்படி நிற்பதில்லை. விழுப்புரத்துக்கென்று ஜெயலலிதா பெயரில் பல்கலைக்கழகம் அமைக்க 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க, தேர்தலுக்குப் பின் வந்த புதிய சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. முகையூர்ச் சட்டமன்றத் தொகுதியோ 2008 தொகுதி மறுவரையறையிலேயே போய்விட்டது. ஆகவே அதிகாரிகளே, டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: கருவிக்குச் சக்கரம் வைத்துத் தரவும்.