ஒரு மாவுக்கு ஆறு கிரவுண்டு

1979 பொங்கலுக்கு ஊருக்கு வந்த சித்தப்பா, அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு யோசனை சொன்னார். அப்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க். மெட்ராஸுக்குத் தெற்கே, கடலோரம், இஞ்சம்பாக்கம் என்று ஒரு கிராமம். இரண்டு கிரவுண்டு மலிவாக வருகிறது. வாங்கிப் போட்டுவிடலாம்.

கிரவுண்டு என்றால் என்ன என்பதே அப்பாவுக்கு விளங்கவில்லை. எங்கள் குடமுருட்டிக் கரையில் நிலம் என்றால் குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. சித்தப்பா தரையில் விரலால் கணக்குப் போட்டார். ஒரு மா 33 சென்ட், ஒரு கிரவுண்டு ஐந்தரை சென்ட். ஆக, ஒரு மாவுக்கு ஆறு கிரவுண்டு.

"அப்ப நீ சொல்றது நம்ம நாத்தங்கால் அளவுதானேடா? சரி, என்ன வெளையும்?"

"ஒண்ணும் வெளையாதுண்ணே. மணல். சவுக்கு வரும்."

"ஆத்துப் பாசனமா?"

"ஆறு இல்ல. பக்கிங்காம் கால்வாய் இருக்கு. ஆனா மணலுக்கு அடியில ஊத்து நல்ல தண்ணி, பத்தடி தோண்டினாப் போதும்."

"கால்வாய்ல முறை வச்சு விடுறாங்களா?"

சித்தப்பா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பக்கத்திலேயே ஓவியர்கள் பத்து ஏக்கர் போல வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள், கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஆரம்பித்து வைத்தது, பெயர்கூட சோழமண்டலம்தான் என்றார். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "சோழமண்டலத்துல குந்தியிருக்கிறவன்கிட்டயே சோழமண்டலத்த விக்க வந்துட்டியா?"

அதோடு முடிந்தது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்த அடியில் எங்கள் தென்னையும் சாய்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கடலோரம் என்றால் எங்களுக்குக் கருவாடும் புயலும்தான். காற்று வாங்கக் காசு கொடுப்பார்கள் என்று திண்ணையில் எவன் சொல்லியிருந்தாலும் அவனுக்கு வேப்பிலை அடித்திருப்பார்கள்.

இஞ்சம்பாக்கத்துக்கு ஒதுக்க வேண்டிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் கடன் சேர்த்து, அப்பா ஊரிலேயே ஒரு மா வாங்கினார். அண்ணன் வேண்டாம் என்றதால் சித்தப்பாவும் வாங்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் இதைச் சொல்வார். கை நழுவிய தொகை மட்டும் பந்திக்குப் பந்தி ஏறும்.

இப்போது நான் இஞ்சம்பாக்கத்தில் இருக்கிறேன், மூன்றாவது மாடியில், வாடகைக்கு. மகனுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. அவன் கொடுக்கும் ஒரு மாத வாடகை, அப்பா வாங்கிய அந்த ஒரு மா ஒரு வருஷம் முழுக்க மிச்சம் பிடித்துக் கொடுப்பதைவிட அதிகம். பொன்னு மண்ணு என்பார் அப்பா. பொன் மணலுக்குள் இருந்தது.

கிராமங்களின் குறுகிய சாலைகளைக் கோத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆக்கினார்கள். 2002இல் சுங்கமும் வந்தது. 2011இல் இஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் போனது. கிராமம் என்ற பெயர் காகிதத்தில் போனபிறகுதான் இங்கே எல்லாருக்கும் கிராமத்து ஆசை பிடித்தது. எங்கள் தெருவில் ஆளுயரச் சுவருக்குப் பின்னால் ஒரு பங்களாவுக்குப் பெயர் 'காவேரி'. அதற்கும் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. சித்தப்பா சொன்ன பத்தடி ஊற்றை ஊரே உறிஞ்சி எடுத்ததில் கடல் உள்ளே வந்துவிட்டது. போர் தண்ணீரில் பருப்பு வேகாது.

ஜூன் 12 வந்தால் ஊரிலிருந்து தம்பி போன் செய்வான். "மேட்டூர் தொறந்தாச்சுண்ணே." நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொல்வேன்: "இங்க லாரி இன்னும் வரல." காவிரி எங்களைத் தேடி மெட்ராஸுக்கே வந்துவிட்டாள் என்பது வேறு கதை. 2004 முதல் கீழணை, வடவாறு, வீராணம் என்று இறங்கிக் குழாயில் ஏறி, ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் கணக்கில் வருகிறாள். தம்பியின் கடைமடைக்கும் என் மூன்றாவது மாடிக்கும்தான் வந்து சேருவதில்லை. இரண்டும் ஒரே ஜாதி.

சாலையோரம் பாதிக் கடைகளில் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை. பித்தளை டபரா பளபளக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே நாற்பது வருஷம் குடித்த எனக்கு டம்ளரைப் பிடிக்கும் முறையைக் கடைப் பையன் சொல்லிக்கொடுத்தான். இயற்கை அங்காடியில் மாப்பிள்ளைச் சம்பா கண்ணாடி ஜாடியில், அரை கிலோ. ஆடுதுறை 27 வந்தபோது அப்பாவே கழித்துக் கட்டிய நெல் அது. நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராய் அலைந்து தேடிக் காப்பாற்றியிராவிட்டால் ஜாடிக்கும் வந்திருக்காது. அதை நான் இங்கே கார்டு தேய்த்து வாங்கினேன்.

1996இல் நாங்கள் பங்கு பிரித்து, பழைய வீட்டை இடித்து மொட்டை மாடியும் மொசைக்குமாகக் கட்டினோம். ஓடு ஒழுகுகிறது என்று காரணம். அதே வருஷம் டிசம்பரில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தார்கள். பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய இடம். தஞ்சாவூர் விவசாயி வீடும் ஒன்று இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பேரனோடு போனேன். திண்ணையைத் தடவிப் பார்த்தேன், உட்கார்ந்தேன், அப்படியே சாய்ந்தேன். "சார், படுக்கக் கூடாது" என்றார் காவலர். "தாத்தா, இந்த மாதிரி வீட்ல யார் இருப்பாங்க?" என்றான் பேரன். விவசாயி என்றேன். வேறு என்ன சொல்ல?

வீடு இடித்தபோது தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் பத்தாயத்தையும் ஒரு பழைய மர வியாபாரி டிராக்டரில் ஏற்றிப் போனார். பத்தாயம் கனத்த பலகைகளை அடுக்கடுக்காக ஏற்றிச் செய்தது. மேலே நெல்லைக் கொட்டுவோம், அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வாய், அதற்கு ஒரு சிறு கதவு. அப்பாயி அதன் பக்கத்தில் எங்களை அண்டவிட மாட்டாள். வழித்துத் துடைத்துக் காலியாக்கவும் விட மாட்டாள். கைப்பிடி நெல்லாவது உள்ளே கிடக்க வேண்டும்.

போன மாதம் அந்த 'காவேரி' வீட்டுக்காரர் புதுமனை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஹாலில், கடல் தெரிகிற கண்ணாடிச் சுவருக்கு எதிரே, விளக்குப் போட்டு ஒரு பத்தாயம். மேலே கிரானைட் பலகை, அதன்மேல் வரிசையாகக் கோப்பைகள். "ஆன்டிக் சார், காரைக்குடில பிடிச்சேன்" என்றார். எங்கள் வீட்டுப் பத்தாயம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அடியில் அதே வாய், அதே சிறு கதவு. அவர் இன்னொருவரிடம் பேசத் திரும்பிய நேரத்தில் குனிந்து, கதவைத் தள்ளி, பழக்கதோஷத்தில் விரலை உள்ளே விட்டுத் துழாவினேன்.

ஒரு பாட்டில் தக்கை வந்தது.