தலையில்லாத பாடகி

ஒரு பாடகரையோ நடிகரையோ நமக்குப் பிடித்துப்போனால், முதல் காரியமாக அவரைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறோம். நரையைக் கறுப்பாக்குகிறோம், தொப்பையை உள்ளே தள்ளுகிறோம், தாடையைச் செதுக்குகிறோம். அறுபதைத் தொட்ட நாயகருக்கு நாற்பதடி உயரத்தில் இருபத்தைந்து வயதுக் கன்னம் வைப்பது கட்-அவுட் கலைஞரின் தொழில் தர்மம். அந்தக் கன்னத்தில் பாலை ஊற்றுவது ரசிகரின் தர்மம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. பால்காரருக்கு லாபம்கூட உண்டு. ஆனால் இதை ரசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரசிக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டும். பார்க்கிற கண்ணில் மூக்கின் நீளமும் படத்தான் செய்யும். தனக்குப் பிடித்த கலைஞரின் மூக்கை உள்ளபடி வரைந்து, போதாதென்று ஓரங்குலம் நீட்டியும் வைத்து, அவருடைய முகச்சுளிப்பைச் சம்பாதித்துக்கொள்கிறவரே முதல்தர ரசிகர் என்பது என் கட்சி. சாட்சிக்கு நான் கூப்பிடுவது பிரெஞ்சு ஓவியர் ஆன்றி த துலூஸ்-லோத்ரெக்கை.

சாட்சியின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். 1864-இல் தெற்கு பிரான்சின் ஆல்பி நகரில், பழைய பிரபு வம்சத்தில் பிறந்தவர். 13, 14 வயதுகளில் இரண்டு தொடை எலும்புகளும் அடுத்தடுத்து முறிந்தன. உடம்பு வளர்ந்தது, கால்கள் வளரவில்லை. உயரம் ஐந்தடிக்குள் நின்றுவிட்டது. தகப்பனாரைப் போலக் குதிரையேறி வேட்டைக்குப் போக வழியில்லாதவர் பென்சிலைப் பிடித்தார். பாரிஸுக்கு வந்து மோன்மார்த்ர் குன்றுப் பகுதியில் தங்கி, இரவெல்லாம் ஆட்டபாட்டக் கூடங்களில் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1891-இல் மூலான் ரூழ் நடனக் கூடத்துக்கு அவர் போட்ட சுவரொட்டி சுமார் 3,000 பிரதிகள் அச்சாகி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதில் நடுநாயகமாக ஆடுகிறவர் லா கூலூ. ஆட்டத்தின் நடுவே எதிரே நிற்கும் ஆண்களின் தொப்பியைக் காலாலேயே தட்டிவிடுவதில் பெயர்பெற்ற அம்மாள். படத்தில் அவர் முகத்துக்குக் கிடைத்ததைவிட உள்பாவாடைக்கு அதிக இடம் கிடைத்தது. முன்னால் நிற்கும் ஜோடி ஆட்டக்காரருக்கோ மூக்கும் முகவாயும்தான் முகம்.

இது ஆரம்பம்தான். 1893-இல் திவான் ழாப்பொனே என்ற பாட்டுக் கூடத்துக்கு அவர் வரைந்த சுவரொட்டியைப் பாருங்கள். மேடையில் நின்று பாடுகிறவர் அன்றைய பாரிஸின் பெரும்புள்ளி ஈவெத் கில்பெர். ஒல்லி, நெட்டை, கொக்குக் கழுத்து, முழங்கைக்கு மேல் ஏறும் கறுப்புக் கையுறைகள். (மற்ற நிறங்களைவிடக் கறுப்பு மலிவு என்பதால் ஏழ்மைக் காலத்தில் அவர் வாங்கி மாட்டியது, பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது.) அந்தச் சுவரொட்டியில் இந்தப் பெரும்புள்ளிக்குத் தலை இல்லை. கழுத்தோடு சட்டம் முடிந்துவிடுகிறது. பார்வையாளராக வந்து உட்கார்ந்திருக்கும் நடனக்காரி ஜேன் அவ்ரிலுக்கு முழு உருவமும் பெரிய தொப்பியும் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலிருக்கும் விமரிசகருக்குத் தாடியும் கைத்தடியும் கிடைத்திருக்கின்றன. பாடுகிறவருக்குக் கிடைத்தவை இரண்டு கையுறைகள். நம் ஊரில் இப்படி ஒரு சுவரொட்டி ஒட்டினால் மறுநாள் சுவர் இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் தலையை வெட்டிய பிறகும், பாடுவது யாரென்று பாரிஸில் ஒருவரும் கேட்கவில்லை. கில்பெர் அதிகம் அசையாமல் நின்று பாடுகிறவர். உடம்பு சும்மா நிற்க, அந்தக் கைகள் பாதிப் பாட்டைச் சொல்லிவிடும். அதைக் கண்டுபிடித்த கண்ணுக்குத் தலை உபரிதான். அடையாள அட்டைப் புகைப்படத்தில் முகம் முழுசாக விழுந்தும் நம்மில் பலரை நம் வீட்டாருக்கே தெரிவதில்லை என்பதையும் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒருவர் எழுந்து, இதெல்லாம் பொறாமை என்பார். கால் குட்டையாகிப்போன மனிதர், காலால் பிழைக்கிறவர்களைப் பழிவாங்கினார், அவ்வளவுதான் என்பார். கேட்க மனோதத்துவம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் லோத்ரெக் தன்னைத்தானே வரைந்துகொண்ட கேலிச்சித்திரங்களைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். தொப்பி, மூக்கு, குட்டைக் கால் எதையும் அவர் தனக்குத் தள்ளுபடி செய்துகொள்ளவில்லை. 1895-இல் லா கூலூ சந்தையில் தனிக் கொட்டகை போட்டபோது அதன் முகப்புக்கு இரண்டு பெரிய திரைகள் எழுதிக்கொடுத்தார். அவற்றில் ஒன்றில் ஆட்டக்காரிக்கு முன்னே கூடி நிற்கும் கும்பலில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குள்ள உருவமாகத் தாமும் நிற்கிறார். பழிவாங்க வந்தவர் கும்பலில் அந்த இடத்தையா தேர்ந்தெடுப்பார்? ஜேன் அவ்ரிலின் நடத்தை இன்னும் வலுவான சாட்சியம். இளம் வயதில் நரம்பு நோய்க்காக சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து, அந்த நோயின் துடிப்பையே ஆட்டமாக்கியவர் என்று பேர். 1893-இல் லோத்ரெக் அவரை வரைந்த சுவரொட்டியில் ஒரு கால் வானத்தில், முகமோ மாதக் கடைசிச் சம்பளக்காரர் முகம். அதைப் பார்த்த பிறகும் 1899-இல் இன்னொரு சுவரொட்டி வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கினார். தன் புகழுக்கு லோத்ரெக்கே காரணம் என்று பிற்காலத்தில் எழுதியும் வைத்தார்.

அப்படியானால் வியாபாரம் என்பார் அடுத்தவர்: சுவரொட்டிக்குக் காசு, கவனத்தை இழுக்கக் கோணல் முகம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு; பாடகர் அரிஸ்தீத் ப்ருவான் அந்த உண்மையின் உருவம். தன் விடுதிக்கு வருகிறவர்களை வாசலிலேயே வாய்க்கு வந்தபடி வைது, அதற்குக் காசும் வாங்கியவர் அவர். 1892-இல் அம்பாசதேர் அரங்கத்துக்கு லோத்ரெக் வரைந்த சுவரொட்டியைக் கண்டு அரங்க முதலாளி அலறியபோது, அதை ஒட்டாவிட்டால் பாட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். கறுப்புத் தொப்பி, சிவப்புக் கழுத்துத் துணி, யாரையும் மதிக்காத மூஞ்சி: தன் சரக்கு எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மர்செல் லாந்தேர் விஷயத்தில் வியாபாரக் கணக்கு உதைக்கிறது. 1895-இல் ‘ஷில்பெரிக்’ என்ற இசைநாடகத்தில் அவர் ஒரு பொலேரோ ஆட்டம் ஆடினார். அந்த ஒரு ஆட்டத்துக்காக லோத்ரெக் இருபது தடவைக்கு மேல் போனார், யாரும் படம் கேட்காமலே. ஏன் திரும்பத் திரும்ப வருகிறாய் என்று நண்பர் கேட்டதற்கு, அந்த அம்மாளின் முதுகைப் பார்க்க என்று பதில் சொன்னதாகப் பேச்சு. முதுகைக் கல்லச்சில் தனியாக வரைந்தும் வைத்தார். பிறகு ஏறக்குறைய ஐந்தடிச் சதுரத்தில் பெரிய எண்ணெய் ஓவியம், அதில் மேடை விளக்கு அடியிலிருந்து அடித்து மூக்குத் துவாரம் வரை காட்டிக்கொடுக்கும் முகம். அது இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இருபது தடவை பார்த்தவர் மூக்குத் துவாரத்தை விட்டுவிட்டார் என்றால்தான் நான் அவரைச் சந்தேகிப்பேன்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. ரசிகனுக்குத் துல்லியம் இன்பம் சரி, அந்தப் பெண்களுக்கு முகம்தானே பிழைப்பு? இதற்குக் கில்பெரே பதில் சொல்லிவிட்டார், என்னைவிட நுட்பமாக. 1894-இல் லோத்ரெக் தனக்காக வரைந்த சுவரொட்டி மாதிரியைக் கண்டு, கடவுள் பெயரால் இவ்வளவு அவலட்சணமாக வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் அலறுகிறார்கள் என்கிற தோரணையில் கடிதம் எழுதினார். அந்தப் பருவத்துக்கு ஓவியர் ஸ்டைன்லென் வரைந்த வேறு சுவரொட்டி ஒட்டப்பட்டது. குறை சொல்ல முடியாத சுவரொட்டி. பூனை வரைவதில் ஸ்டைன்லெனுக்கு நிகரில்லை. ஆனால் அதே ஆண்டு லோத்ரெக் கில்பெரைப் பற்றி 16 கல்லச்சுப் படங்களோடு ஓர் ஆல்பம் போட்டபோது, நண்பர்கள் கொதித்தும்கூட, 100 பிரதிகளிலும் கில்பெர் தன் கையால் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். சுவரில் கூடாது, புத்தகத்தில் ஆகட்டும். சுவரொட்டி இன்னும் டிக்கெட் வாங்காதவனுக்கு. ஆல்பம் ஏற்கெனவே பாட்டில் விழுந்துவிட்டவனுக்கு. இந்த எல்லைக்கோட்டை நான் மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறேன். கட்-அவுட்காரர்களுக்கு இதில் ஓரளவு விடுதலையும் கிடைக்கிறது.

கில்பெருக்கு வியன்னாவில் இன்னொரு பெரிய ரசிகர் இருந்தார்: சிக்மண்ட் ஃபிராய்டு. ஊரார் கனவையெல்லாம் பிரித்து மேய்ந்த அந்த மேதையும், ரசிகர் என்ற முறையில் நம்மைப் போலத்தான். கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றை வாங்கித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். லோத்ரெக்குக்குக் கிடைத்தது வேறு. 1895-இல் அவர் கில்பெரின் முகத்தைப் பீங்கான் ஓட்டில் வரைந்தபோது, அம்மாள் அதிலேயே அவரைக் குட்டி ராட்சசனே என்று விளித்து, எவ்வளவு கோரமாகப் பண்ணிவிட்டீர் என்று ஆச்சரியக்குறிகளை வரிசையாக அடுக்கி, கீழே தன் பெயரையும் எழுதிவைத்தார். வசவு படத்தோடு சேர்ந்தே சூளைக்குப் போய் வெந்தது.