சித்தப்பா பதில்கள்: சுஜாதா ஸ்பெஷல்

நம்ம பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கும் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் என்ன சம்பந்தம் சித்தப்பா? சும்மா ஏரியா பெருமைதானே? (ஓகளிபுரம் வாசகர்)

இங்கே குடியிருந்தார் என்று பீலா விட மாட்டேன். நம்ம ஸ்டேஷனில் பச்சை லைன் மெட்ரோ ஏறினால் ஜாலஹள்ளி வரும். அந்த ஜாலஹள்ளியில்தான் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தார். மெட்ரோ இங்கே ஓட ஆரம்பித்தது 2014-ல்; அவர் காலமானது 2008-ல். பிளாட்பாரத்தில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது அறிவியல் புனைகதை.

ரங்கராஜன் ஏன் சுஜாதா ஆனார்? காதலா? (கல்லூரி மாணவி, மல்லேஸ்வரம்)

குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி.ரங்கராஜன் கோலோச்சிக்கொண்டிருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரை எடுத்துக்கொண்டார் இவர். மனைவி பெயரில் சொத்து வாங்குகிறவர்கள் உண்டு. மனுஷன் புகழையே வாங்கினார்.

ஓட்டு மெஷின் அவர் செய்ததாமே? (ஆட்டோ ஓட்டுநர், ஸ்ரீராம்புரம்)

ஒற்றை ஆளாக இல்லை. கம்பெனியில் அதன் உருவாக்கத்தை மேற்பார்த்தவர். முதலில் பயன்பட்டது 1982-ல், கேரளத்துப் பரவூரில். கொலைகாரனைக் கடைசி அத்தியாயம் வரை சொல்லாத ஆசாமியின் கை பட்டதால்தானோ என்னவோ, எண்ணும் நாள் வரை அதுவும் வாயே திறப்பதில்லை!

கணேஷ், வசந்த் இருவருக்கும் இப்போது என்ன வயசு? (வக்கீல் குமாஸ்தா, சேஷாத்ரிபுரம்)

சுஜாதா கதைகளின் வக்கீல் கணேஷ் 1968-ல் 'நைலான் கயிறு' தொடரில் வந்தார். பின்னால் வந்து சேர்ந்த வசந்த் இன்னமும் ஜூனியர்தான். கோர்ட் வாசலில் விசாரியுங்கள், இதில் கற்பனை எதுவுமில்லை என்பார்கள்.

பெங்களூரில் அத்தனை வருஷம் இருந்தும் ஸ்ரீரங்கத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினாரே? (கடைக்காரர், ஸ்ரீராம்புரம்)

பிறந்தது திருவல்லிக்கேணியில், 1935-ல். வளர்த்தது ஸ்ரீரங்கத்துப் பாட்டி. அந்தத் தெருக்களிலிருந்துதான் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' வந்தது. நீங்கள் மட்டும் யோக்கியமா அண்ணாச்சி? மூணு தலைமுறை இங்கே அரிசி விற்றுவிட்டு, சொந்த ஊர் கேட்டால் வேலூர் என்கிறீர்கள்.

அவர் தொடரை நிறுத்த வைத்தார்களாமே? (நூலக வாசகர், ராஜாஜிநகர்)

ஆமாம். 1857 கலகத்தை வைத்து 'கறுப்பு சிகப்பு வெளுப்பு' என்று குமுதத்தில் தொடங்கினார். சாதியை இழிவுபடுத்துகிறது என்று மிரட்டல், எதிர்ப்பு, பாதியில் நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வந்தது. மூன்று நிறத்தை ஒன்றாக்கியதுதான் எதிர்ப்பாளர்களின் இலக்கியத் தொண்டு.

ஒரே ஒரு கதை படிக்கத்தான் நேரம். எது? (நர்ஸ், ராஜாஜிநகர்)

'நகரம்'. காய்ச்சல் கண்ட மகளைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறாள் வள்ளியம்மாள். சீட்டு, வரிசை, அடுத்த அறை, நாளைக்கு வா. மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்த டாக்டருக்கே பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. உங்கள் வேலைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை அம்மா. இந்தப் பதிலில் ஜோக் கிடையாது.

சாகித்ய அகாடமி? (பெயர் வேண்டாம்)

கொடுக்கவில்லை. அவரைப் படிப்பதில் மும்முரமாக இருந்திருப்பார்கள்.

நானும் எழுதுகிறேன். வேலையை விட்டுவிடவா? (மென்பொருள் இளைஞர், ஜாலஹள்ளி)

அவர் விடவில்லையே தம்பி! வேலையை விட்டால் கதை வருமா, தெரியாது. வீட்டு ஓனர் ஒண்ணாம் தேதி கட்டாயம் வருவார்.

சுஜாதா பேரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன் வருமா? (தினசரிப் பயணி)

நமக்கு அடுத்த ஸ்டேஷனே மகாகவி குவெம்பு ரோடு. கன்னடர்கள் நாவலாசிரியருக்கே கொடுத்துவிட்டார்கள். சென்னையில் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா பெயர்களில் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஆகவே அங்கே பெயர் பலகை வேண்டுமென்றால், முதலமைச்சராகிவிட்டு மிச்ச நேரத்தில் நாவல் எழுதியிருக்க வேண்டும்.